ஏ.ஏ. கூட்டம்

குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் தங்களுக்குள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் சுய உதவிக் கூட்டம். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பைச் சேர்ந்தது. பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் இருவரும் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கினர். இந்தியாவில் 1957இல் தில்லியில் வேரூன்றியது.

கூட்டம் இருவகைப்படும். 'திறந்த' கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். 'மூடிய' கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். அந்த விருப்பமே உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, கட்டணம் கிடையாது. செலவுக்கு உண்டியல் சுற்றிவரும். பேசுபவர் முதற்பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி எனத் தொடங்குவார். குறுக்குக் கேள்வியோ அறிவுரையோ கூடாது. மீட்சிக்கென வகுத்த 'பன்னிரண்டு படிகளே' வழிமுறை.

கேரளத்தில் மலையாளக் கூட்டங்களே மிகுதி. கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான பகுதிகளில் வசிப்பவர், அறிந்த முகங்களுக்கு அஞ்சினால், எர்ணாகுளம் பக்கக் கூட்டத்துக்குச் செல்லலாம்; ஊர் எல்லை நிபந்தனை ஏதும் இல்லை. மாநில அரசின் போதை ஒழிப்பு இயக்கமான 'விமுக்தி' (2016) மாவட்டந்தோறும் சிகிச்சை மையம் நடத்துகிறது.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றன்று. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைக் காண்பதே முறை. நாடு தழுவிய கட்டணமில்லா உதவி எண் 14446. குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்னும் தனி அமைப்பு உண்டு.