புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்

சிரம்பான் நகரை அடுத்துள்ள லோபாக் இன்று நகரோடு கலந்துவிட்ட பகுதியாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சுற்றுவட்டாரம் வேறு தோற்றம் கொண்டிருந்தது. காடுகள் அழிக்கப்பட்டு இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் தோட்டத்து லயங்களில் குடியேறினர். அதே நிலப்பரப்பில் சீனத் தொழிலாளர் ஈயச்சுரங்கங்களில் பாடுபட்டனர். ஆற்றோரக் கம்பங்களில் மலாய் மக்கள் நெல் விளைவித்து வாழ்ந்தனர். இம்மூன்று இனத்தார் மீதும் பெய்த மழை ஒன்றே. வீசிய காற்றும் ஒன்றே. மூவருக்கும் சோறே உணவு. ஆயினும் ஒரு நோய் மட்டும் சுரங்கத்துச் சீனரைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. தோட்டத்துத் தமிழரையும் கம்பத்து மலாய்க்காரரையும் அது பெரும்பாலும் தீண்டாமல் சென்றது. அந்நோயின் பெயர் பெரிபெரி.

பெரிபெரி இரண்டு வடிவங்களில் வரும். ஒன்றில் கால்கள் மரத்துப்போகும். கெண்டைக்கால் தசை வலிக்கும். பாதத்தைத் தூக்க இயலாமல் நோயாளி தரையில் இழுத்து நடப்பான். பின்னர் நடையே அற்றுப்போகும். மற்றொன்றில் காலும் முகமும் நீர்கோத்து வீங்கும், இதயம் விரிந்து தளரும், மூச்சு முட்டும். நேற்றுவரை மண் சுமந்தவன் இன்று திடீரென்று மாண்டுபோவதும் உண்டு. 'இயலாது, இயலாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். சொல்லின் பிறப்பு எவ்வாறாயினும், நோயின் தன்மைக்கு அது பொருந்தியே நிற்கிறது.

இந்நோய்க்குக் காரணம் தேடிய மேனாட்டு மருத்துவர் பலர், தொற்றுக்கிருமியைத் தேடினர். கிருமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டுவந்த காலமாதலின் அவ்வாறு தேடியது இயல்பே. ஈரமான கட்டடம், நெரிசலான குடியிருப்பு, கெட்ட காற்று எனப் பிறவும் காரணமாகக் கூறப்பட்டன. சீனர் உடலே இந்நோய்க்கு இடம் தருவது, தமிழர் உடல் இடம் தராதது என்று இனத்தின் மீது பழியையும் புகழையும் ஏற்றி அமைதி கண்டவரும் உண்டு.

அவ்வாறு அமைதி கொள்ளாதவர் ஒருவர் சிரம்பானில் இருந்தார். நெகிரி செம்பிலான் மாநிலத் தலைமை மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் லெனார்ட் பிராடன் என்பவரே அவர். நோயாளியின் வீட்டுச் சுவரையும் நாட்டுக் காற்றையும் ஆராய்ந்தவர் நடுவே, அவர் சோற்றுப்பானையை ஆராய்ந்தார். சுரங்கத்துச் சீனர் உண்டது, ஆலையில் தோல் நீக்கித் தவிடு போகத் தீட்டி, மூட்டையில் கட்டி, நெடுநாள் கிடங்கில் கிடந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க் குடும்பத்தார் உண்டதும் பச்சரிசியே. ஆயினும் அது தம் வயலில் விளைந்து, தேவைக்கேற்ப அவ்வப்போது உரலிலிட்டுக் குற்றப்பட்டது. தமிழர் உண்டதோ புழுங்கல் அரிசி. இம்மூன்று அரிசிக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் நோயின் மூலம் ஒளிந்திருக்கிறது என்று பிராடன் துணிந்தார். பல ஆண்டுகள் திரட்டிய சான்றுகளைத் தொகுத்து 1907இல் 'பெரிபெரியின் காரணமும் தடுப்பும்' எனப் பொருள்படும் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

புழுங்கல் அரிசி ஆக்கும் முறை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஆயினும் ஆலை அரிசியை மூட்டையாக வாங்கும் இக்காலத்தில் அதனைக் கண்ணாற் கண்டவர் குறைந்துவிட்டனர். நெல்லை உமியோடு நீரில் ஊறவைப்பர். ஊறிய நெல்லைக் கொப்பரையிலிட்டு, உமி வாய்பிளக்கும் பதம் வரும்வரை அவிப்பர். பின்னர்க் களத்தில் பரப்பி உலர்த்துவர். நன்கு காய்ந்த பின்னரே குற்றுவர். மழைக்காலத்தில் காயாத நெல் நாற்றமெடுக்கும். மிகக் காய்ந்தால் குற்றும்போது நொய்யாகும். பதம் அறிந்து செய்த பெண்டிருக்கு இது கைப்பழக்கம். ஏட்டில் எழுதிய கலையன்று.

அந்த அவிப்பில் நெல்மணிக்குள் நிகழ்வது யாது? நெல் என்பது நம் உணவுக்காகப் படைக்கப்பட்ட பண்டமன்று. அது ஒரு பயிரின் பிள்ளை. மணியின் ஒரு முனையில் முளை உறங்குகிறது. நடுவே உள்ள மாவுப்பகுதி அம்முளை வேரூன்றி இலைவிடும்வரை உண்பதற்குத் தாய்ப்பயிர் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. மாவைச் சூழ்ந்த தவிட்டுப் படலத்திலும் முளையை ஒட்டிய பகுதியிலும், உயிர்வளர்ச்சிக்கு இன்றியமையாத நுண்சத்துகள் செறிந்திருக்கின்றன. ஆலையின் தீட்டு இயந்திரம் முளையையும் படலத்தையும் உரித்துத் தள்ளிவிடுகிறது. எஞ்சுவது வெறும் மாவு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் நுண்சத்து படலத்திலிருந்து மாவுப்பகுதிக்குள் இறங்குகிறது. வெப்பத்தால் மாவு இறுகி மணி கெட்டிப்படுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினும் உள்ளிறங்கிய சத்து முழுவதும் போய்விடுவதில்லை. சோறாக்குமுன் களையும் நீரிலும் பச்சரிசியைவிடக் குறைவாகவே இழக்கிறது.

இவ்விளக்கம் பிற்காலத்தது. பிராடனுக்கு இது தெரியாது. தீட்டிய பச்சரிசி கிடங்கில் பழையதாகும்போது அதில் ஒருவகை நஞ்சு தோன்றுகிறது. நெல்லை அவிப்பதால் அந்நஞ்சு தோன்றாமல் தடுக்கப்படுகிறது என்றே அவர் கருதினார். குற்றவாளியைச் சரியாகப் பிடித்துக் குற்றத்தைத் தவறாகச் சாட்டியது போன்றது இது. அவரை மட்டும் குறைகூறுவதற்கில்லை. சாவகத்தின் பத்தாவியா நகரில் 1890களில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்து, அவை கால்தளர்ந்து விழுவதைக் கண்ட டச்சு மருத்துவர் ஐக்மான் அவர்களும் முதலில் மாவில் நஞ்சு இருப்பதாகவே எண்ணினார். உணவில் இருக்கும் ஒன்று நோய் தருகிறது என்பதை அக்கால அறிவு எளிதில் ஏற்றது. உணவில் இல்லாத ஒன்று நோய் தருகிறது என்பதை எண்ணிப்பார்க்கவே முடியவில்லை. ஐக்மானுக்குப் பின்வந்த கிரைன்ஸ் 1901இல் இந்த இல்லாமையைச் சுட்டிக் காட்டினார். ஆயினும் அது பரவலாக எட்டப் பல ஆண்டுகள் ஆயின.

பிராடனின் கருத்தைச் சோதனையால் தீர்க்க முற்பட்டவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், அந்நகரின் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசி, மறுபிரிவுக்குப் புழுங்கல் அரிசி. இடத்தின் குற்றமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரும் தங்கிய கூடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில், புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பச்சரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர்.

மருத்துவ வரலாற்று நூல்கள் இச்சோதனையின் செம்மையைப் பாராட்டும். பாராட்டத்தக்கதே. ஆனால் அப்பதினெண்மர் தமக்கு இடப்படும் சோறு எத்தகையது என்று கேட்கும் நிலையிலும் இல்லை. மறுக்கும் நிலையிலும் இல்லை. அவர்கள் பெயர்கள் அறிவியல் நூல்களில் இடம்பெறவில்லை. அரிசி பற்றிய இப்பேருண்மைக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதை மாணவர் மறத்தல் ஆகாது.

அடுத்த சான்று மீண்டும் நெகிரி செம்பிலானிலேயே கிடைத்தது. கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும், 1907இல் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸ் என்னும் இடத்தைத் தேர்ந்தனர். அங்கே காட்டினூடே சாலை அமைக்க வந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். மனிதக் குடியிருப்பே இல்லாதிருந்த புது நிலம். ஆதலால் பழைய கட்டடத்தில் ஒட்டியிருந்த கிருமி என்று எவரும் வாதிட இயலாது. ஒரு குழுவிற்கு வெள்ளரிசி. மறுகுழுவிற்குப் புழுங்கல் அரிசி. மூன்று மாத அளவில் வெள்ளரிசிக் குழுவில் கால் மரப்பும் வீக்கமும் தலைகாட்டின. உடனே அரிசியை மாற்றியதும் நோய் பரவுவது நின்றது. புழுங்கல் உண்டிருந்தோர்க்கு வெள்ளரிசி கொடுத்தபோது, காலம் தாழ்த்து அவர்களிடையேயும் அதே நோய் தோன்றியது. 1909இல் இம்முடிவு இலண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் வெளிவந்தது.

நோயுற்றவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் புழுங்கல் உண்டவனுக்கு நோய் ஒட்டவில்லை. ஆகவே இது தொற்றன்று. பழைய அரிசியாயினும் புதிய அரிசியாயினும் தீட்டினால் தீங்கு. ஆகவே இது நஞ்சும் அன்று. பிரேசரும் ஸ்டான்டனும் பின்னர்க் கோழிகளை வைத்து ஆராய்ந்தனர். வெள்ளரிசி உண்டு கால் மடங்கிய கோழி, ஆலையார் கழித்த தவிட்டைக் கொடுத்தவுடன் எழுந்து நின்றது. மனிதன் வெண்மையை விரும்பி விலக்கியதை உண்டு கோழி பிழைத்தது. 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பநாட்டு மருத்துவக் கழகம், தீட்டிய வெள்ளரிசியை இடைவிடாது முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானித்தது.

அதன்பின் வரலாறு விரைந்தது. 1912இல் கசிமிர் பங்க் 'வைட்டமின்' என்னும் சொல்லை வழங்கினார். 1926இல் சாவகத்தில் இருந்த டச்சு அறிஞர் யான்சனும் டொனாத்தும் தவிட்டிலிருந்து அச்சத்தைப் படிகமாகப் பிரித்தனர். 1936இல் அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக உருவாக்கினார். இவர் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர் என்பது சுவையான செய்தி. இன்று தயாமின் அல்லது வைட்டமின் பி1 எனப்படும் அப்பொருள் மனிதனுக்கு நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மில்லிகிராமே தேவை. சோற்றிலுள்ள மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்றும் வேலையில் அது துணைநிற்கிறது. உடல் அதனை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. வரவு நின்றால் சில வாரங்களில் கையிருப்பு தீரும். நரம்பும் இதயமும் முதலில் வாடும். வெறும் சோற்றை மிகுதியாக உண்டு கடுமையாக உழைப்பவனுக்கே இச்சத்து மிகுதியாக வேண்டும். சுரங்கத் தொழிலாளி பசியாற உண்டே நோயுற்ற புதிர் இதனால் விளங்கும்.

தமிழர் இம்மருத்துவ உண்மையை முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவார் உளர். அது வரலாறு ஆகாது. நெல்லை அவித்தவர்கள் அரிசி நொறுங்காமலிருக்கவும், புழு அண்டாமலிருக்கவும், சோறு பசி தாங்கவும் அவித்தனர். உண்மையில் நம் சமுதாயத்தில் உயர்வாக மதிக்கப்பட்டது பச்சரிசியே. கோயில் படையலுக்கும் பொங்கற் பானைக்கும் பச்சரிசிதான். புழுங்கல் அரிசி உழைப்பாளியின் அன்றாடச் சோறு. தாழ்வாக எண்ணப்பட்ட அரிசி காத்தது. தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், பச்சரிசி உண்ணும் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் அது அரிது. குன்னூரில் ஆய்வு நடத்திய மெக்காரிசன் போன்றோர் 1920களில் இதனை ஆராய்ந்தனர். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கியதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

தோட்டத்துத் தமிழர் எல்லா நோயினின்றும் தப்பினர் என்றும் கொள்ளற்க. மலேரியாவும் கொக்கிப்புழுவும் அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. புழுங்கல் அரிசி காத்தது ஒரு நோயிலிருந்து மட்டுமே. அதுவும் அவ்வரிசி கிடைத்த வரையில்.

கிடைக்காத காலமும் வந்தது. 1942இல் சப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். கப்பல் போக்குவரத்து முறிந்து இந்திய அரிசி வரவு நின்றது. சயாம் – பர்மா இரயில் பாதைக்கு ஆள் திரட்டியபோது, நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே இடப்பட்டது தீட்டிய வெள்ளரிசி, அதுவும் அரைவயிற்றுக்கு. காலராவும் மலேரியாவும் ஆறாப்புண்ணும் தாக்கிய அம்முகாம்களில், தமிழர் கால்களும் நீர்கோத்து வீங்கின. தமிழர் நடையும் தளர்ந்தது. சீனரைச் சாய்த்த நோய் தமிழரைத் தீண்டாததற்குக் காரணம் இனம் அன்று, அரிசியே என்று பிராடன் கூறியது இவ்வாறு கொடிய முறையில் மெய்ப்பிக்கப்பட்டது.

அதே போர்க்காலத்தில், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் சிறைப்பட்டிருந்த படை மருத்துவர்கள் பெரிபெரியின் காரணத்தை நன்கு அறிந்திருந்தனர். பிரேசரும் ஸ்டான்டனும் கோழிக்கு ஊட்டிய தவிட்டையே தேடிப் பெற்றுத் தம் வீரர்க்கு உண்ணக் கொடுத்தனர். பாதையோரத்துத் தமிழர் முகாம்களிலோ, தவிட்டைக் கேட்டு வாங்கித்தரும் மருத்துவரைக் காண்பதே அரிதாயிருந்தது.