சாட்டிக் கடற்கரையும் நமது ஓய்வும்

ஓய்வுக்காக ஊரைவிட்டுப் போகும் வழக்கம் யாழ்ப்பாணத்தவரிடம் இருந்ததில்லை என்று சிலர் எழுதுவதுண்டு. அது பாதி உண்மை. நம்மவர் உழைப்புக்காக ஊரைவிட்டுப் போனார்கள். ஓய்வுக்கு ஊர் திரும்பினார்கள். தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்த தீவக வர்த்தகர்களும், மலாயாவில் புகையிரதத் திணைக்களத்தில் பணிபுரிந்தவர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். 1905இல் கொழும்புக்குப் புகையிரதப் பாதை முழுமையடைந்ததும், 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் இந்த லீவுப் பயணத்தை எளிதாக்கின.

வெள்ளையரின் வழி வேறு. அவர்களுக்கு ஓய்வு என்பது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்து. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரில் எட்வர்ட் வாரனும் ஜேம்ஸ் றிச்சட்ஸும் உடல்நலம் குன்றி, 1818இல் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினர். வாரன் அவ்வாண்டு ஓகஸ்டில் கேப்டவுனிலேயே மரணமடைந்தார். றிச்சட்ஸ் திரும்பிவந்து, 1822இல் இங்கே கண்மூடினார். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடரும், பின்னாளில் சென்னையிலிருந்து உடல்நலம் தேடி அதே தென்னாபிரிக்காவுக்குப் போய், 1855இல் அங்கேயே இறந்தார். 1834இல் யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்த மதுரை மிஷனார், இத்தனை தூரம் அலையாமல் 1845இல் கொடைக்கானல் மலையில் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். இன்று தமிழ்நாட்டார் கோடை விடுமுறைக்குப் போகும் அந்த மலைநகரின் தொடக்கம், நோயாளி மிஷனரிமாரின் அவசரம்தான்.

நமக்கு மலை இல்லை. நமக்கு வாய்த்தது வேலணைத் தீவின் தென்கரையில் உள்ள சாட்டி. வெண்மணல், ஆழமில்லாத கடல், இவற்றைவிட முக்கியமாக நல்ல தண்ணீர். மணலில் இறங்கும் மாரி மழை, கீழேயுள்ள உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். தீவகத்தில் நன்னீர் எவ்வளவு அரியது என்பதை அறிந்தவர்களுக்குச் சாட்டிக் கிணறுகளின் அருமை புரியும். கடலில் குளித்து, கிணற்றில் உப்பைக் கழுவி, கட்டிவந்த சோற்றை உண்டு, மாலையில் பண்ணைப் பாலம் வழியே வீடு திரும்புவார்கள். அங்கே தங்குவிடுதி எதுவும் தேவைப்படவில்லை. கடற்பயணிகளுக்குத் துணையான சிந்தாத்திரை மாதாவின் ஆலயமும் இங்கேதான் இருக்கிறது.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தினுள் நுழைந்தது. மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்குள் ஓடினார்கள். வீட்டைவிட்டு வெளியே இருப்பது என்பதற்கு அன்றிலிருந்து வேறு பொருள் வந்துவிட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக்கிடந்தவரிடம் விடுமுறை பற்றிப் பேச எவருக்கு வாய் வரும்? 1992 ஓகஸ்டில் தளபதி டென்சில் கொப்பேகடுவ இதே தீவின் அராலித்துறையில் கொல்லப்பட்டார். 2002இன் போர்நிறுத்தம் சற்று மூச்சுவிட இடந்தந்தது. 2006 மேயில், சாட்டிக்குப் போகும் வழியிலுள்ள அல்லைப்பிட்டியில் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டனர். ஓகஸ்டில் ஏ-9 பாதையும் மூடப்பட்டது.

2009இல் போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ்கள் வந்தன. நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர் சாட்டிப் பக்கமும் திரும்பினர். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளோடு வந்தனர்; முன்னோர்கள் கொழும்பிலிருந்து வந்ததைப் போலவே, தூரம் மட்டும் கூடிவிட்டது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைத்துவைத்த ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கடற்படை உல்லாச விடுதியாக்கியிருக்கிறது. சிறையில் காசு கொடுத்துத் தங்குவதை ஓய்வு என்று கொள்ள என்னால் இயலவில்லை. அது என் வயதின் குறையாகவும் இருக்கலாம்.

சாட்டியில் இன்னோர் இடமும் உண்டு. மாவீரர் துயிலும் இல்லம் என்பது அதன் பெயர். கல்லறைகள் இடிக்கப்பட்ட அந்த நிலத்தில், அண்மைக் காலமாக ஆண்டுதோறும் நவம்பர் 27ஆம் திகதி மாலை தாய்மார் சுடரேற்றுகிறார்கள். கார்த்திகை மழை பெரும்பாலும் அவ்வேளையில்தான் பிடிக்கும். விளக்குகள் அணைந்துவிடாதபடி அவர்கள் கைகளால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.