செப்பும் மீகடத்துதிறனும்

1911ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து இலெய்டன் நகரில், கமர்லிங் ஒன்னெஸ் என்னும் பௌதிகப் பேராசிரியர் திரவ ஈலியத்தின் துணைகொண்டு இரசத்தைக் குளிர்வித்தார். வெப்பநிலை 4.2 கெல்வின் அளவிற்கு இறங்கியதும் இரசத்தின் மின்தடை திடீரென மறைந்தது. மீகடத்துதிறன் என்னும் இப்பண்பைக் கொண்டு, மின்சக்தி வீணாகாத வலிய காந்தங்களை ஆக்கலாம் என ஒன்னெஸ் எண்ணினார். ஆயின், அவர் கையாண்ட உலோகங்கள் சிறிதளவு காந்தப்புலத்திலேயே அப்பண்பை இழந்தன.

நாம் வீடுகளிற் பயன்படுத்தும் செப்போ மிகச் சிறந்த மின்கடத்தி. எனினும், எத்துணை குளிர்வித்தும் தூய செப்பில் மீகடத்துதிறன் காணப்படவில்லை.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மத்தியாசும் அவர்தம் துணைவரும், நயோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்வையொன்று 18 கெல்வினிலேயே மீகடத்தியாவதைக் கண்டனர். அது 8.8 தெஸ்லா புலத்திலும் பெருமின்னோட்டத்தைத் தாங்கும் என்பது 1961இல் வெளியாயிற்று. ஆனால் அச்சேர்வை மட்பாண்டம்போல் நொறுங்குவது. நொறுங்கும் பொருளைக் கம்பியாக இழுப்பது எங்ஙனம்?

1973இல் சுவே என்னும் அறிஞர் செப்பையே துணைக்கழைத்தார். திண்மச் செப்பில் நயோபியம் கரைவது மிக அரிது. ஆதலின் இரண்டையும் உருக்கி ஆறவிட்டால், நயோபியம் நுண்துணிக்கைகளாகப் பிரிந்து செப்பெங்கும் பரந்து நிற்கும். அக்கலப்புலோகத்தைக் கம்பியாக இழுக்கும்போது துணிக்கைகளும் இழைகளாக நீளும். பின்னர்ச் சூடாக்க, உடன் கலந்த வெள்ளீயம் செப்பினூடாகச் சென்று அவற்றை அடைந்து மீகடத்துஞ் சேர்வையை உண்டாக்கும். கம்பியின் பெரும்பகுதி செப்பாகவே இருப்பதால் அது எளிதில் முறிவதில்லை.

துணிக்கைகளுக்கிடையே செப்பு நிற்க, மின்னோட்டம் தடையின்றிச் செல்வது யாங்ஙனம்? மீகடத்தியில் இலத்திரன்கள் இணையிணையாக இயங்கும் என்பதை 1957இல் பாடீன், கூப்பர், சிறீபர் ஆகிய மூவர் விளக்கினர். இவ்விணைகள் அண்டையிலுள்ள செப்பினுள்ளும் சிறிது தூரம் புகவல்லன. இடைவெளி போதிய அளவு குறுகியதாயின், அங்குள்ள செப்பும் அயலாரின் பண்பைத் தற்காலிகமாக ஏற்கின்றது.

பேரளவுத் தொழிலில், நயோபிய இழைகளை முன்னரே செப்பினுள் அல்லது வெண்கலத்தினுள் அடுக்கும் முறைகளே மேலோங்கின. பிரான்சிய நாட்டின் தென்பகுதியில் அமையும் ஈட்டர் அணுப்பிணைவு உலையின் பெருங்காந்தங்களுட் பல அத்தகைய கம்பிகளாலாயவை. அவற்றிலும் செப்பு காவலாகவே நிற்கின்றது. ஓரிடத்தில் மீகடத்துதிறன் குன்றினால், மின்னோட்டத்தைத் தான் ஏற்று வெப்பத்தையும் பரப்பிவிடுகின்றது. தானாக மீகடத்தியாகாத செப்பின்றேல், அந்நொய்ய சேர்வை இத்தகைய பெரும்பணிக்கு உதவியிராது.