பினாங்குக் குழு யாருடையது?

பினாங்குக்காரர் ஒருவரை நிறுத்தி "உங்கள் காற்பந்துக் குழு எது?" என்று கேட்டால், யோசிக்காமல் "பினாங்கு" என்பார். "அது யாருக்குச் சொந்தம்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். சற்றுத் தயங்குவார். சங்கத்துக்கா, மாநிலத்துக்கா, ஏதேனும் நிறுவனத்துக்கா? இந்தத் தயக்கத்துக்கு நூறாண்டு வயது.

1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் துறைமுகங்களுக்கு வந்தது. கப்பல் கட்டப் பணம் கொடுத்தவை அன்றைய மலாய் மாநிலங்கள். பெயருக்கும் அதுவே காரணம். போன இடமெல்லாம் உள்ளூர்க்காரர்களோடு பந்து விளையாடிய கப்பல்காரர்கள், விடைபெற்ற பிறகு நன்றியாகக் கிண்ணம் ஒன்றை வழங்கினார்கள். அதுதான் மலாயாக் கிண்ணம். இன்றைய மலேசியக் கிண்ணம்.

அந்தக் கிண்ணம் மாநிலங்கள் மோதுவதற்கென்று வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் தொழிற்சாலையும் தேவாலயமும் தெருவும் தங்களுக்கென்று குழு அமைத்துக்கொண்டன. இங்கேயோ உள்ளூர்க் கிளப்புகளில் ஆடியவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி, மாநிலக் காற்பந்துச் சங்கம் ஒரு குழுவை அனுப்பியது. ரசிகரின் பாசம் கிளப்பைத் தாண்டி மாநிலச் சட்டையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. பினாங்கில் அந்தச் சட்டையின் நிறங்கள் நீலமும் மஞ்சளும்.

பாசத்துக்குப் பலனும் கிடைத்தது. 1953-இலும் 1954-இலும் அடுத்தடுத்துச் சிங்கப்பூரை வீழ்த்திப் பினாங்கு கிண்ணத்தைத் தூக்கியது. 1958-இல் மூன்றாவது முறை. பிறகு பதினாறு ஆண்டுகள் காத்திருப்பு. 1974-இல் மெர்டேக்கா அரங்கில் பேராக்கை 2-1 என்று வென்றபோது அந்தக் குழுவில் இரண்டு சகோதர ஜோடிகள் இருந்தார்கள்: நாமாட் அப்துல்லா, ஷாருடின் அப்துல்லா, அலி பாக்கார், ஈசா பாக்கார். பழைய ரசிகர்கள் இன்றும் இந்த நால்வரைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் பேசுவார்கள். அதற்குப் பிறகு மலேசியக் கிண்ணம் பினாங்குக்கு வரவேயில்லை.

அந்தக் காலத்தின் தரத்தை அளக்க ஓர் ஆட்டம் போதும். 1971-இல் சியோலில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற நாடு ஜப்பான். அந்த ஜப்பானை மலேசியா 3-0 என்று தோற்கடித்து மூனிக் நகருக்குப் போனது. நாமாட்டும் ஷாருடினும் மூனிக் சென்ற அந்தக் குழுவில் இருந்தவர்கள். இன்றைய இளைஞர்களிடம் இதைச் சொன்னால் நம்பச் சிரமப்படுவார்கள்!

தோற்ற ஜப்பான் என்ன செய்தது? அங்கே அப்போது இருந்தவை கம்பெனிக் குழுக்கள். மிட்சுபிஷி ஊழியர்களுக்கு ஒன்று, நிசான் ஊழியர்களுக்கு ஒன்று. 1993 மே 15-இல் பத்துக் குழுக்களோடு ஜே லீக் தொடங்கியபோது, ஒவ்வொரு குழுவும் ஓர் ஊரைத் தன் வீடாக ஏற்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மிட்சுபிஷியின் குழு உராவா ஊரின் குழுவானது. ஊர்ப் பாசம் இல்லாத இடத்தில் அதை வளர்க்க ஜப்பானியர் பாடுபட்டார்கள். பினாங்கிலோ பாசம் ஏராளம். அதைத் தாங்கும் கிளப்தான் இல்லை.

ஆனாலும் சங்கத்தின் கையில் குழு பல காலம் நன்றாகவே ஓடியது. 1982-இல் லீக் வெற்றியாளருக்கு முதன்முதலாகப் பட்டம் வழங்கப்பட்டபோது அதை வென்றது பினாங்கு. 1998-இலும் 2001-இலும் மீண்டும் லீக் வெற்றி, 2002-இல் எஃப்.ஏ. கிண்ணம். பிறகுதான் சரிவு. 2013-இல் இதே குழு மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சங்கத்தின் தலைமை மாறும்போதெல்லாம் குழுவின் போக்கும் மாறும். மாநில நிதியை நம்பிப் பழகிய குழுவுக்குச் சொந்த வருமானத்தைத் தேடும் பழக்கம் வரவில்லை.

சரிவிலிருந்து மீண்ட நாட்களில் ஓர் அதிசயமும் நடந்தது. 2016 பிப்ரவரி 16, மாநகர் அரங்கம். பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி வெகுதூரத்திலிருந்து அடித்த ஃப்ரீகிக், ஒரு பக்கம் போவது போல் போக்குக் காட்டி மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. 2017 ஜனவரியில் சூரிக் மேடையில் ஃபீபாவின் புஸ்காஸ் விருது அவருக்கு. அதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பேச்சைக் கைத்தொலைபேசியில் தேடித் தடுமாறியவரைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு, நெகிழ்ந்தவர்களே அதிகம். அந்த ஆண்டே பினாங்கு சூப்பர் லீக்கிலிருந்து மறுபடி கீழே இறங்கியது.

2020-இல் கணக்கு மாறியது. குழுக்களைச் சங்கங்களிலிருந்து பிரித்துத் தனி நிறுவனங்களாக நடத்த வேண்டும் என்ற தேசிய விதிப்படி 'பினாங்கு எஃப்.சி.' பிறந்தது. நூறாண்டுப் பாசத்துக்கு அப்போதுதான் ஒரு கிளப் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். கோவிட் காரணமாகச் சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தில் பினாங்கு பிரிமியர் லீக்கை வென்றது. 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம்!

ஆனால் நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்று எண்ணிவிட முடியாது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் வழியில் வந்த குழு, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கை எட்டியது. கே. தேவனும் பி. மணியமும் அதன் பயிற்றுநர்களாக இருந்தார்கள். நம் பிள்ளைகள் நாட்டின் உச்ச லீக்கில் கால் பதிக்க ஒரு வாசல் திறந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். 2022 பருவத்தோடு அது விலகிக்கொண்டது. வாசலை மூடும் முன் ரசிகரைக் கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஜப்பானிலும் இதே நடந்திருக்கிறது. 1998-இல் யோக்கஹாமா ஃப்ளூகல்ஸ் குழுவுக்குப் பணம் போட்ட இரு நிறுவனங்களில் ஒன்று விலக, அதே நகரின் மரினோஸ் குழுவோடு அதை இணைத்துவிட முடிவு செய்தார்கள். கலைக்கப்படப் போகிறோம் என்று தெரிந்தே ஆடிய ஆட்டக்காரர்கள், 1999 ஜனவரி 1-இல் தங்கள் கடைசி ஆட்டத்தில் சக்கரவர்த்திக் கிண்ணத்தை வென்றார்கள். மரினோஸ் பக்கம் போக மனமில்லாத ரசிகர்கள் சந்தா போட்டு யோக்கஹாமா எஃப்.சி.யைத் தொடங்கினார்கள். 2007-இல் அது முதல் நிலை லீக்கில் ஆடியது. பின்னாளில் அதற்கும் ஒரு நிறுவனத்தின் பணம் தேவைப்பட்டது. ஆனால் குழு உயிரோடு இருக்கிறது.

பினாங்கில் சந்தா போட்டுக் குழுவில் பங்கு வாங்கும் வழக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. ரசிகர் கொடுப்பது நுழைவுச்சீட்டுக் காசும் தொண்டைத் தண்ணீரும். 2021-இல் மூன்றாம் இடத்தில் இருந்த குழு 2022-இல் கடைசி இடத்துக்கு வந்தது. லீக் அமைப்பையே மாற்றியமைத்ததால் அந்த ஆண்டு யாரும் கீழே இறக்கப்படவில்லை. பினாங்கு சூப்பர் லீக்கில் தங்கியது.