குறுக்கெழுத்தும் போர்க்களமும்

சொல்லைப் பொருளுக்காக நாடுவதே உலக வழக்கு. ஆனால் பொருளை ஒருபுறம் ஒதுக்கி, ஒரு சொல் எத்தனை எழுத்துடையது, எந்த இடத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பதை மட்டுமே கொண்டு சொல்லைத் தேடும் வழக்கம் ஒன்று ஆங்கிலத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. விளையாட்டு என்று நாம் எளிதில் தள்ளிவிடக்கூடிய அவ்வழக்கம், 1944-ஆம் ஆண்டில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரை உளவாளியோ என்று அரசு ஐயுறும் நிலைக்குக் கொண்டு சென்றது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவரும் ஆலிஸ் கதைகளின் ஆசிரியருமான லூயி கரோல், 1877-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், பொழுது போகவில்லை என்று குறைப்பட்ட இரு சிறுமியர்க்காக ஒரு விளையாட்டை அமைத்தார். ஒரே அளவுள்ள இரு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இடையில் வருவன யாவும் அகராதிச் சொற்களாகவே அமைய, முதற்சொல்லை இரண்டாம் சொல்லாக்க வேண்டும். தலையைக் குறிக்கும் 'ஹெட்', ஐந்தே மாற்றங்களில் வாலைக் குறிக்கும் 'டெயில்' ஆகிவிடும். 1879-இல் இது 'வேனிட்டி ஃபேர்' இதழில் வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றது.

இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 'ஹெட்' முதல் மாற்றத்தில் 'ஹீல்' ஆகிறது. செவிக்கு இரண்டு ஒலிகள் மாறிவிட்டன. கண்ணுக்கோ நான்கெழுத்தில் ஓர் எழுத்தே மாறியிருக்கிறது. நம் அணிநூலார் வகுத்த மாத்திரைச் சுருக்கத்தில் 'காலை' என்பது ஒரு மாத்திரை குறைந்து 'கலை' ஆகும்போது செவியும் உடன் வருகிறது. ஆங்கிலத்தார் விளையாட்டு முற்றிலும் அச்சுத்தாளின் குழந்தை. அது நாளிதழில் குடியேறியதில் வியப்பில்லை.

லிவர்ப்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட சாய்சதுரக் கட்டமே இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கம். 1924-இல் சைமன் அண்டு ஷுஸ்டர் நிறுவனத்தார் பென்சிலும் சேர்த்துப் புதிர் நூலொன்றை விற்றனர். நாடே அதில் மூழ்கியது. அவ்வாண்டிலேயே 'நியூயார்க் டைம்ஸ்' அதனை வீண்பொழுது என்று இகழ்ந்துரைத்தது. அதே ஏடு, பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின், போர்ச் செய்திகளால் வாடிய வாசகர்க்கு ஆறுதல் வேண்டுமென்று கருதித் தன் முதற் புதிரை 1942 பிப்ரவரி 15 அன்று அச்சிட்டது. சிங்கப்பூர் வீழ்ந்த நாளும் அதுவே என்பதை நம்மவர் மறத்தற்கில்லை.

இங்கிலாந்தில் 'டெய்லி டெலிகிராஃப்' 1925-இலேயே புதிர் வெளியிடத் தொடங்கியிருந்தது. 1942 சனவரியில் அவ்வேடு, பன்னிரண்டு நிமிடங்களுக்குள் புதிரை முடிப்போர் உளரா என்று ஒரு போட்டி நடத்திற்று. கலந்துகொண்டோருள் சிலர்க்குப் பின்னர் அரசிடமிருந்து மடல் வந்தது. பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் மறைகுறிகளை உடைக்கும் பணிக்கு அவர்கள் சென்றனர். வீண்பொழுது என்ற பழி அத்துடன் தீர்ந்தது எனலாம்.

அவ்வேட்டின் புதிர்களைத் தொடக்கம் முதல் அமைத்து வந்தவருள் லியோனார்ட் டாவ் முதன்மையானவர். இலண்டனிலிருந்து போர்க்காலத்தில் சர்ரே மாவட்டத்து எஃபிங்காமுக்கு இடம்பெயர்ந்த ஸ்டிராண்ட் பள்ளியின் தலைமையாசிரியர் அவர். 1912-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பிரிட்டனின் கால்பந்துக் குழுவில் இடம்பெற்றவரும் கூட. 1944 மே 2 அன்று அவர் புதிருக்கு விடையாக 'யூட்டா' வந்தது. மே 22-இல் 'ஒமாகா'. மே 27-இல் 'ஓவர்லார்டு', 30-இல் 'மல்பெரி', சூன் 1-இல் 'நெப்டியூன்'. நார்மண்டிப் படையெடுப்பு நிகழ்ந்தது சூன் 6-இல். அமெரிக்கர் இறங்கவிருந்த இரு கடற்கரைகள், முழுப் படையெடுப்பு, செயற்கைத் துறைமுகங்கள், கடற்படை நடவடிக்கை ஆகியவற்றின் மறைபெயர்கள் இவ்வைந்தும்! உளவுத் துறையினர் டாவின் வீட்டுக் கதவைத் தட்டினர். இச்சொற்களை ஏன் தேர்ந்தீர் என்று வினவினர். ஏன் தேரக்கூடாது என்பதே அவர் விடை. குற்றம் ஏதும் காணாது அவர்கள் திரும்பினர்.

விசாரித்தவர்கள் சொல்லின் பொருளையே நோக்கினர். கட்டம் அமைப்போன் நோக்கு வேறு. அவன் முதலில் கருப்பும் வெள்ளையுமாகக் கட்டத்தை வரைகிறான். பின் அளவுக்கேற்ற சொற்களை எழுத்தோடு எழுத்து பொருந்த நிரப்புகிறான். குறிப்பை இறுதியில்தான் எழுதுகிறான். ஆங்கில எழுத்துக்கணக்கில் 'ஒமாகா' ஐந்தெழுத்து. அவற்றுள் மூன்று உயிர், ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்பன. மூலையில் முட்டி நிற்கும் கட்டத்துக்கு அதனினும் வாய்ப்பான சொல் அரிது. ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்தால் இவ்விளக்கம் போதும். ஐந்தும் ஒரே திங்களில் வந்தமைக்கு அது போதாது என்பதே நம் கருத்து.

விடை, நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 1944-இல் அப்பள்ளியில் பதினான்கு வயது மாணவராயிருந்த ரொனால்ட் ஃபிரெஞ்சு என்பார் 1984-இல் உண்மையென ஒன்றை வெளியிட்டார். வெற்றுக் கட்டங்களை மாணவரிடம் தந்து சொற்களால் நிரப்பச் செய்வது டாவின் வழக்கமாம். நிரம்பியவற்றுக்கு அவர் குறிப்பு எழுதிக்கொள்வார். பள்ளிக்கருகே முகாமிட்டிருந்த படைவீரர்களோடு பழகிய சிறுவர்கள், அவர்கள் பேச்சில் அடிபட்ட பெயர்களைக் கேட்டுக் குறித்து வைத்துக் கட்டத்தில் இட்டார்களாம். இடமும் நாளும் அறியாமல், பெயர்களை மட்டும் வீரர்கள் பலரும் அறிந்திருந்தனர் என்றார் அவர். இதனை ஏற்காதாரும் உளர். நமக்கோ, ஏனை விளக்கங்களைவிட இதுவே இயல்பாகத் தோன்றுகிறது.

விசாரணை முடிந்தபின் டாவ் அச்சிறுவனை அழைத்துக் குறிப்பேடுகளை எரிக்கச் செய்தார் என்றும், எவரிடமும் சொல்வதில்லையென விவிலியத்தின் மீது ஆணை வாங்கினார் என்றும் ஃபிரெஞ்சு கூறினார். டாவ் 1963-இல் காலமானார். மாணவர் வாய் திறந்தது அதற்கும் இருபத்தோராண்டுகள் கழித்து.