எத்தனை வாட்ஸ் வேணும்?

எங்களில் ஒருவரின் மாமா விட்டுப்போன பழைய ஸ்பீக்கர் சோடி ஒன்றுக்கு அம்ப்ளிஃபயர் தேடிப் போனோம். கடையில் சொன்னது ஒன்றுதான்: "கூட வாட்ஸ் உள்ளதா எடுங்கோ தம்பி." எங்களிடம் இருந்த காசுக்கு அது கட்டாது. உண்மையிலேயே தேவையோ எண்டு வாசிக்கத் தொடங்கினதில்தான் இந்தக் கதை கிடைத்தது.

1946இல் அமெரிக்காவில் போல் கிளிப்ஷ் கம்பனி தொடங்கி விற்ற கிளிப்ஷ்ஹோர்ன் ஓர் அலுமாரி அளவு. அறை மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் ஸ்பீக்கரின் பகுதியாகவே வேலை செய்யும். சில வாட்ஸ் கொடுத்தாலே வீடு அதிரும்.

1954இல் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளொஸ்ஸும் ஏஆர்-1ஐக் கொண்டுவந்தார்கள். இறுக மூடிய சின்னப் பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரிக் கூம்பைத் திருப்பித் தள்ளும். அவ்வளவு சின்னதில் அவ்வளவு ஆழமான பேஸ். ஆனால் சும்மா கிடைக்கவில்லை. பெட்டி சின்னதாகவும் பேஸ் ஆழமாகவும் வேணுமெண்டால், கொடுக்கிற மின்சாரத்தில் சத்தமாக மாறுவது குறையும். ஒரு ஸ்பீக்கர் 10 டெசிபல் மந்தமானால் அதே சத்தத்துக்கு 10 மடங்கு வாட்ஸ் கேட்கும். 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. ஹோலில் இரண்டு அலுமாரியை யார் வைப்பார்? சின்னப் பெட்டி வென்றது, வாட்ஸ் போட்டியும் சூடு பிடித்தது. எங்களைக் கேட்டால் இது பொறியியலை விட வீட்டில் இடமில்லாத கதை.

இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீற்றர் வோக்கர் வேறு வழியில் போனார். 1957இல் வந்த அவரது குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. உயர் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான் அசையும். ஸ்பீக்கருக்குப் பின்னால் 8 ஓம் எண்டு எழுதியிருப்பதை நாங்கள் அப்படியே நம்பிவிடுகிறோம். இதிலோ அது பேஸ் பக்கம் 30 ஓமையும் தாண்டும், உச்ச ஒலியில் 2 ஓமுக்குக் கிட்ட இறங்கும். எல்லா அம்ப்ளிஃபயருக்கும் இது ஒத்துவராது. வோக்கரின் சொந்த வால்வு அம்ப்ளிஃபயரான குவாட் II கொடுத்தது வெறும் 15 வாட்ஸ், அது போதுமாகவும் இருந்தது. பின்னாளில் பெரிய ரான்சிஸ்டர் அம்ப்ளிஃபயர்களைப் பூட்டிச் சத்தத்தைக் கூட்டியவர்களின் ஸ்பீக்கரில் உள்ளே தீப்பொறி பாய்ந்து பனல் பழுதானது. கூடக் காசு கொடுத்து வாங்கின நட்டம்!

பிரிஅம்ப் கதை இன்னும் சுவாரசியம். 1954க்கு முதல் இசைத்தட்டுக் கம்பனிகள் பேஸைக் குறைத்து உச்ச ஒலியைக் கூட்டிப் பதிந்தன, ஆளுக்கொரு அளவில். அதைத் திருப்பிச் சரிசெய்யவே பிரிஅம்பில் அத்தனை பொத்தான்கள். ஆர்ஐஏஏ என்ற பொது அளவு வந்தபின் அந்தத் தேவை குறைந்தது. ஆனாலும் ஊசியிலிருந்து வருகிற சில மில்லிவோல்ட்டைப் பெருக்க ஆள் வேணுமே. குவாட் II முழுப் பலத்துக்கும் 1.4 வோல்ட் கேட்கும். குவாட்டின் பிரிஅம்புக்கு மின்சாரமே அந்த அம்ப்ளிஃபயரிலிருந்துதான் போகும். ஆகவே எதற்கு எது பொருந்தும் எண்டு வாங்குகிறவர் தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

1982இல் சிடி வந்தது. பிளேயரிலிருந்தே 2 வோல்ட் வரும், பெருக்க ஒன்றுமில்லை. சத்தத்தைக் குறைக்க ஒரு குமிழ் போதும். இருந்தும் லட்சக்கணக்கில் விலை போட்டுப் பிரிஅம்ப் இண்டைக்கும் விக்கினம்.

நாங்கள் கடைசியில் எடுத்தது பாவித்த 20 வாட்ஸ் அம்ப்ளிஃபயர். பிரிஅம்ப் வாங்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்து அறைக்காரர் இரண்டு தரம் வந்திட்டார்.