கண்டி வீதிகளும் குட்டிக் கார்களும்

உயர்ரக ஸ்போர்ட்ஸ் காரைக் கைமாற்றிவிட்டுச் சின்னஞ்சிறு கார் ஒன்றை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்தால், நம்மவர்கள் முதலில் கேட்பது 'வியாபாரத்தில் ஏதும் நட்டமோ?' என்பதுதான். வாகனத்தின் நீளத்தைக் கொண்டு மனிதனின் உயரத்தை அளக்கும் பழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஆனால் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பொறுத்தவரை இக்கேள்வி எப்போதுமே சற்றுப் பிழையானது. அங்கே பெரிய காரிலிருந்து சிறிய காருக்கு இறங்கியவர்களின் கதை, பணத்தின் கதை மட்டுமன்று. அது வீதியின் கதை, அரசாங்கக் கஜானாவின் கதை. தமிழர்களைப் பொறுத்தவரை இன்னொன்றின் கதையுங்கூட. அந்த இன்னொன்றைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் வீதி. கொழும்பு–கண்டி வீதி ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில், கப்டன் வில்லியம் டோசன் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் அமைக்கப்பட்டது. 1815ஆம் ஆண்டில் கைப்பற்றிய மலை இராச்சியத்தைக் கையில் வைத்திருக்கப் பிரித்தானியருக்குப் பீரங்கி வண்டி ஏறக்கூடிய பாதை தேவைப்பட்டது. இராஜகாரிய முறையின் கீழ்க் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட சாதாரணக் கிராமத்தவர்களே அதனை வெட்டினர். அம்முறை 1833ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. டோசன் 1829ஆம் ஆண்டில் இறந்தார். கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் அவர் நினைவாக எழுந்த 125 அடிக் கோபுரத்தை அவ்வழியே போகும் எவரும் காணலாம். வெட்டியவர்களுக்குக் கோபுரம் இல்லை என்பதை எழுத்தில் வைக்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

1832ஆம் ஆண்டில் இவ்வீதியில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. எருதும் குதிரையும் மூச்சு வாங்காமல் ஏறும்படி மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வளைக்கப்பட்ட பாதை அது. பின்னர் அகலப்படுத்தினார்கள், தார் இட்டார்கள், சில வளைவுகளை நிமிர்த்தினார்கள். ஆயினும் அடிப்படைக் கோடு மாறவில்லை. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையானாலும், ஹந்தானை மலைக்கு ஏறும் தோட்டப் பாதையானாலும், இயல்பு ஒன்றுதான்: நேராக ஓட இடமில்லை. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கவென்று செய்யப்பட்ட வாகனத்துக்கு இங்கே இரண்டாம் கியருக்கு மேல் அதிகம் வேலை இல்லை.

இந்நிலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கண்டிக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் தோட்டத் துரைமார் வழியாகத்தான். சுதந்திரத்துக்குப் பின்னர் 1950களில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினர். போகும்போது வீட்டுத் தளபாடத்தையும் நாயையும் காரையும் விட்டுச் சென்றனர். என் நண்பர் ஒருவரின் தந்தையார், கண்டி நகரில் இரும்புக்கடை வைத்திருந்தவர், அப்படியொரு துரையிடமிருந்து ஜாகுவார் எக்ஸ்.கே. 120 ஒன்றை வாங்கினார். 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் உலகத்தை வாய்பிளக்க வைத்த கார் அது. 3.4 லீற்றர் எஞ்சின், 160 குதிரை வலு. பெயரிலுள்ள 120 என்பது அதன் மைல் வேகம். நீளம் ஏறத்தாழ 14½ அடி. கண்டி வாவியைச் சுற்றி அதனை ஓட்டிச் சென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்களாம். ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது எஞ்சின் கொதித்துவிடும். பாதியில் நிறுத்தி, ஓடைத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றவேண்டும். ஜாகுவாரில் போகிறவர் வாளியும் கொண்டு போனார் என்று நண்பர் சொல்லிச் சிரிப்பார்.

வாளியோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பார். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. தேயிலை கொண்டுவரும் பணம் அரிசிக்கும் மாவுக்குமே போதாதபோது கார்களுக்கு இடமேது? இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது, உதிரிப்பாகங்களும் அருமையாயின. அக்காலத்தில்தான் இலங்கையின் கராஜ்காரர்கள் உலகத்தரம் வாய்ந்த கைவினைஞர்கள் ஆயினர். மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பேஜோ 203உம் அவர்கள் கையால் தம் ஆயுளைப் போல் இரண்டு மூன்று மடங்கு வாழ்ந்தன. பின்னாளில், 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்கு வேண்டிய தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு ஏற்றுமதியாயின என்பது இந்தத் தட்டுப்பாட்டுப் பள்ளியின் பயன். ஆனால் மொரிஸுக்கு வாழ்வு தந்த அந்தக் கைகளாலும் ஜாகுவாருக்கு அதிகம் செய்ய இயலவில்லை. ஒரு நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ள காருக்கு மாற்றுப் பாகம் செய்யலாம். ஒன்றிரண்டு உள்ள காருக்கு எவன் அச்சு வார்ப்பான்?

ஆகவே தந்தையார் மாற்றிக்கொண்டார். இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஒருவர் ஜாகுவாரை எடுத்துக்கொண்டு, ஒரு மினியையும் மேலதிகமாக ரொக்கத்தையும் கொடுத்தார். ஊர் 'இரும்புக்கடை முதலாளி விழுந்துவிட்டார்' என்றே பேசிக்கொண்டதாம்.

மினியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அக்காரே ஒரு நெருக்கடியின் பிள்ளை. 1956ஆம் ஆண்டில் சுயெஸ் கால்வாய் விவகாரம் வெடித்தபோது பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் நிறுவனம், மிகக் குறைந்த பெற்றோலில் நால்வரைக் கொண்டு செல்லும் காரை வடிவமைக்கும் பொறுப்பை அலெக் இசிகோனிஸிடம் கொடுத்தது. மொரிஸ் மைனரை ஆக்கியவரும் அவரே. எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பெட்டியை அதன் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கி, முன்சக்கரங்களையே இயங்கச் செய்து, பத்து அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளி வைத்தார். பத்தடி நீளம், அதில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் பொதிகளுக்கும். 848 சீசீ எஞ்சின், 34 குதிரை வலு. 1959ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது வெளிவந்தது. இன்று நாம் ஹட்ச்பெக் என்று சொல்லும் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு அதற்கு இல்லை. ஆயினும் இன்றைய ஹட்ச்பெக் கார்களின் குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் அங்கிருந்தே பரவின.

சிக்கனத்துக்கெனச் செய்த கார் விளையாட்டுக் காராக மாறியதுதான் வேடிக்கை. பந்தயக் கார் செய்பவரான ஜோன் கூப்பர் அதன் வளைவு திரும்பும் திறனைக் கண்டு வியந்தார். 1961ஆம் ஆண்டில் மினி கூப்பர் பிறந்தது. 1964ஆம் ஆண்டு மொன்டே கார்லோ ராலியில், 4.7 லீற்றர் எஞ்சின் பூட்டிய அமெரிக்க ஃபோர்ட் ஃபல்கனைப் பின்தள்ளி, பெடி ஹொப்கேர்க் 1071 சீசீ மினி கூப்பர் எஸ் வண்டியில் முதலிடம் பெற்றார். எஞ்சின் அளவுக்கேற்ற சலுகைக் கணக்கும் அவ்வெற்றிக்கு உதவியது என்பதை மறைக்கக் கூடாது. வெறும் நேரக் கணக்கில் ஃபல்கன் பல கட்டங்களில் முந்தியிருந்தது. ஆனால் ஆல்ப்ஸ் மலையின் பனி படர்ந்த வளைவுகளில், தன்னைப் போல் நாலு மடங்கு எஞ்சினின் குதிகாலை ஒரு பெட்டிக் கார் கடித்துக்கொண்டு ஓடியதை உலகம் பார்த்துவிட்டது. உலகின் மிக விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்த என்ஸோ ஃபெராரியும் தம் சொந்தப் பாவனைக்கு மினி வைத்திருந்தார்.

ஆல்ப்ஸில் நடந்ததையே இரும்புக்கடை முதலாளி கடுகண்ணாவையில் கண்டுகொண்டார். மழைபெய்து வழுக்கும் வளைவுகளில், ஜாகுவாரில் பயந்து பயந்து திரும்பிய இடங்களில், மினியில் காலைப் பெற்றோல் மிதியிலிருந்து எடுக்காமலே திரும்பினார். ஜாகுவாரின் வலுவில் கால்பங்கைக்கூட அவ்வீதியில் அவர் செலவிட்டதில்லை. மினியின் 34 குதிரைகளையும் தினந்தோறும் முழுமையாக ஓட்டினார். சிறிய காரில் ஒருவன் அடையும் மகிழ்ச்சியின் கணக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன்: இருப்பதையெல்லாம் பயன்படுத்திவிட முடிகிறது.

இனி நான் முன்னர் ஒத்திவைத்த விடயம். ஜாகுவாரின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. மினியின் தகட்டிலோ சிங்கள 'ஸ்ரீ'. 1957ஆம் ஆண்டில் அந்த எழுத்து நடைமுறைக்கு வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கெதிராக இயக்கம் நடத்தியது. 1958ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டின் மே மாதத்தில் இரத்தம் சிந்திற்று. இந்த வரலாற்றையெல்லாம் அறிந்த தமிழ் வியாபாரி, கண்டியில் 'ஸ்ரீ' தகட்டோடு ஒரு சிறிய காரில் போவது எத்துணை நிம்மதி என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். "ஜாகுவாரைக் கண்டால் எல்லாரும் ஆர் போறது எண்டு திரும்பிப் பாப்பினம் தம்பி. மினியை ஒருத்தரும் பாக்கமாட்டினம்." இது அவருடைய வாக்கு.

1983ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் திகதி பிற்பகல் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கின. பேராதனை வீதியில் மருந்துக்கடையொன்றில் பற்றிய தீ காசில் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் பரவிற்று. என் நண்பரின் தந்தையாருடைய கடையும் போயிற்று. மினி தப்பியது. அயலிலிருந்த சிங்களக் குடும்பம் அதனைத் தங்கள் வீட்டுப் பின்புறத்துக்குத் தள்ளிச் சென்று, விறகு அடுக்கும் கொட்டிலுக்குள் நுழைத்து, முன்னால் விறகை அடுக்கிவிட்டது. பத்தடிக் கார் என்பதால் கொட்டிலுக்குள் அடங்கியது. பதினாலரை அடி அடங்கியிராது. அந்த ஆண்டில் கண்டித் தமிழர் பலர் கடையை மூடிக்கொண்டு இந்தியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். இவர் போகவில்லை. சிறு கார் வேண்டுமென்று அவர் சொன்னதில் எவ்வளவு வாகனரசனை, எவ்வளவு அச்சம் என்று பிரித்தறிய இன்றும் என்னால் இயலவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பதும் ஐயமே.

போர் நகரத்தின் வீதியையே பின்னர் மாற்றியது. 1998ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையின் முன்னால் புலிகளின் வெடிகுண்டு லொறி வெடித்துப் பலர் மாண்டனர். அதன்பின் மாளிகை முன்றில் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அவ்வழியே போன வாகனமெல்லாம் வாவியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. 1807ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவியின் கரை, போக்குவரத்து நெரிசலுக்கென வெட்டப்பட்டதன்று. பாடசாலை விடும் நேரத்தில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், ஃபெராரியும் முச்சக்கர வண்டியும் சமமாகும் இடம் அது.

மகனுக்கும் அப்பாவின் பழைய ஆசை வந்தது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் ஜப்பானியக் கார்கள் நாட்டை நிறைத்தன. நண்பர் தம் வசதிக் காலத்தில் நிசான் 350 இஸட் ஒன்றை வாங்கினார். 3.5 லீற்றர், இரண்டே இருக்கை, ஒன்றரை டன் எடை. பிறகு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. பெற்றோல் வரிசையில் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தனர். வரிசையிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. அவ்வாண்டின் நடுப்பகுதியில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது, தொடக்கத்தில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று விதித்தனர்.

கணக்கு எளியது. கண்டி நெரிசலில் அந்த நிசான் லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடினால் பெரிது. இருபது லீற்றர் என்றால் நூறு கிலோமீற்றர். கொழும்புக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். ஒரு வாரப் பங்கீட்டில் கொழும்பையே எட்ட முடியாத ஸ்போர்ட்ஸ் கார்! சுசுகி ஸ்விஃப்ட் ஒன்றோ அதே இருபது லீற்றரில் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடும். நண்பர் மாற்றினார். புதிய கார் வராத காலமாதலால் பழைய கார்களின் விலையெல்லாம் ஏறிக்கிடந்தது, நட்டப்படவும் இல்லை. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் பங்கீடு நீங்கிற்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் இறக்குமதிக் கதவு கடும் வரியோடு திறந்தது. அவர் ஸ்விஃப்டை விற்கவில்லை. கேட்டால், கடுகண்ணாவையில் அது திரும்பும் அழகைப் பற்றியே பேசுகிறார். மற்றதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

தந்தையாரின் மினி, அவர் காலமான பின்னர் 1990களில் நுவரெலியா இளைஞர் ஒருவருக்குக் கைமாறிற்று. நுவரெலியாவின் மஹகஸ்தொட்டையில் 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் ஏப்ரல் வசந்தகாலத்தின் பெரிய வேடிக்கை. அங்கே ஓடுவதற்கென்றே அவர் அதை வாங்கினார். பின்னிருக்கையைக் கழற்றி, எஞ்சினை 1275 சீசீக்கு மாற்றி, சிவப்பு வர்ணம் பூசியிருந்தார். விறகுக் கொட்டிலில் உரசிய கீறல் இடது கதவில் அப்போதும் இருந்தது. வர்ணம் பூசியவர் அதைச் சரியாக நிரப்பவில்லை.